குழி விழாத பல்

அட்டன்
14 ஜூன் 1954

அன்புள்ள பேச்சியம்மா அக்கா,

என் எழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பயந்துவிடாதே. அப்பா நன்றாக இருக்கிறார். நான்தான் நன்றாக இல்லை.

நீ அழகன் அத்தானோடு கந்தப்பளைக்குப் போன மறுநாள், உனக்கு ஒரு வரிகூட எழுதமாட்டேன் என்று அப்பா என்னிடம் விளக்கின் மேல் சத்தியம் வாங்கினார். ஒன்றரை வருஷம் காப்பாற்றினேன். இன்றைக்கு உடைத்துவிட்டேன். எனக்கு வேறு யாரும் இல்லை.

நான் இப்போது நோர்வூட் தோட்டத்து லய வீட்டில் இல்லை. தைப்பொங்கல் கழிந்ததும் அப்பா என்னை அட்டனில் சின்னராசா சித்தப்பா கடையில் விட்டுவிட்டார். இங்கிருந்து ஏழாம் வகுப்புக்குப் போகிறேன். பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரம் சித்திக்கு உதவி. கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறையில் எனக்குப் பாய். எல்லோரும் தூங்கிய பிறகு அங்கிருந்துதான் எழுதுகிறேன். சித்தி புரண்டு படுத்தால்கூட விளக்கை ஊதிவிடுவேன். அதனால் எழுத்துக் கோணலாக இருந்தால் திட்டாதே.

விஷயம் இதுதான். கீழே இடது பக்கம் எனக்கு ஒரு கடைவாய்ப்பல் ஒரு மாதமாக வலிக்கிறது. உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன். கராம்பு வைத்தேன். இப்போது கன்னம் வீங்கி, வகுப்பில் பிள்ளைகள் என்னைக் கொழுக்கட்டை என்கிறார்கள். கடைக்கு மேலே உள்ள அறையைச் சித்தப்பா ஒரு பல் டாக்டருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். பெயர் முத்துலிங்கம். மாதத்தில் இரண்டாம், நான்காம் ஞாயிறு வருவார். தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து மரப்படியில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நேற்று ஒருவர், "மொத ஆளா போய்யா, நீதானே கங்காணி" என்றார். அந்தக் கங்காணி, "நான் கொழுந்துக்குத்தான் கங்காணி, பல்லுக்கு இல்ல" என்று பின்வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள்தான் பிறகு மேலே கத்தினார்கள். நான் கீழே மாவு சலிக்கும்போது எனக்கு எல்லாம் கேட்கும்.

போன மாதம் நோர்வூட் பக்கத்து அம்மா ஒருத்தி பல் பிடுங்கிக்கொண்டு போனாள். இரண்டு வாரம் கழித்துத் தாடை வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் வந்தாள். மாத்திரை கொடுத்து அனுப்பினார். நேற்று அவள் புருஷன் மட்டும் வந்து படியில் நின்றுவிட்டு, மேலே ஏறாமலே இறங்கிப் போனார். அவளுக்கு என்ன ஆனது என்று நான் சித்தியிடம் கேட்டேன். "வாய்ல புண்ண வச்சுக்கிட்டு வெத்தல போட்டுருப்பா" என்றாள்.

எனக்குக் காசில்லாமல் பிடுங்கித் தருகிறேன் என்று அவர் சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறார். நான் செத்துப்போய்விடுவேன் என்று பயமாக இருக்கிறது. அவர் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் உங்கள் பக்கம் ராகலையில் உட்காருகிறாராம். அவர் நிஜமான டாக்டர்தானா? அங்கே யாரிடமாவது கேட்டுச் சொல்வாயா?

பதிலை இங்கே அனுப்பாதே. பக்கத்துக் கடை முதலாளி மகள் யோகேஸ்வரி என்னோடு படிக்கிறாள். உள்ளே வைத்திருக்கும் விலாசம் அவளுடையது.

சத்தியத்தை மீறிய
நாகு


கந்தப்பளை
20 ஜூன் 1954

நாகு,

நீ என்னை மறந்துவிட்டாய் என்றே நினைத்திருந்தேன். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்தபோது யாருக்கோ வந்ததைத் தப்பாகத் தருகிறார் என்று திருப்பிக் கொடுக்கப் போனேன்.

அழாதே. பல் வலித்து யாரும் சாவதில்லை. கெட்ட ஆள் கையில் கொடுத்தால்தான் பயம். அதைப் பார்த்துவிடுவோம்.

இந்த லயத்தில் என்னிடம் அதிகம் பேசமாட்டார்கள். அப்பன் பேச்சை மீறி வந்தவள் என்று ஒதுங்குவார்கள். ஆனால் பல்லைப் பற்றிக் கேட்டால் யாரும் சும்மா இருப்பதில்லை நாகு! தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் "ராகலை பல் டாக்டர் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டேன். ஐந்து பேர் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாயைத் திறந்து காட்டினார்கள். ராக்காயி என்றொருத்தி, என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்புகிறவள், என் கையைப் பிடித்துத் தன் ஈறில் வைத்துக் காட்டினாள். உன் பல்வலியால் எனக்கு நாலு பேர் பேச்சு கிடைத்தது.

எல்லோரும் அவரைத் தங்கம் என்கிறார்கள். ராக்காயி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம்ம டிஸ்பென்சரிக்குப் போனா பேரு என்ன, எந்த லயம், தொரைகிட்ட துண்டுச் சீட்டு வாங்குனியா, ஏன் வேலைக்கு வரலன்னு ஆயிரம் கேப்பானுங்க. இந்த மனுசன் ஒரு கேள்வி கேக்க மாட்டாரு. காட்டுனா புடுங்குவாரு. அவ்வளவுதான்."

மற்றவர்களும் அதையே சொன்னார்கள். கேள்வி கேட்கமாட்டார், கேள்வி கேட்கமாட்டார் என்று. எனக்கும் முதலில் நிம்மதியாக இருந்தது. நம்மிடம்தான் போகிற இடமெல்லாம் கடுதாசி கேட்கிறார்களே. பிரஜா உரிமைக்கு விண்ணப்பம் போடப் போன மாமனாரிடம், அவர் இங்கேதான் பிறந்தார் என்பதற்கு எத்தனை கடுதாசி கேட்டார்கள் தெரியுமா?

ஆனால் ராத்திரி படுத்தபோது வேறு மாதிரி தோன்றியது. நாம் அவரிடம் கடுதாசி கேட்டோமா? அறையில் அவருடைய பட்டம் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார். டாக்டர் என்றால் மாட்டியிருப்பார்.

வீக்கம் உள்ள பக்கம் மெல்லாதே.

பேச்சியம்மா


அட்டன்
27 ஜூன் 1954

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து எத்தனை முறை படித்தேனோ. மாமனார் என்று எழுதியிருந்தாய். உனக்கு ஒரு மாமனார் இருக்கிறார் என்பதே அதைப் படித்துத்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிறு மாலை பல் டாக்டர் போன பிறகு மேலே கூட்டித் துடைப்பது என் வேலை. நாற்காலி நாவிதர் கடையில் இருப்பது போன்றது, தலை வைக்க ஒரு கட்டை பொருத்தியிருக்கிறார். சுவரில் கண்ணாடி போட்டு ஒரு கடுதாசி மாட்டியிருக்கிறது. மேலே அச்சில் கொழும்பு விலாசம், கீழே சிவப்பு முத்திரை, நடுவில் ஆங்கிலத்தில் கையெழுத்து. எனக்கு ஆங்கில எழுத்துத் தெரியும். ஆனால் அது கொடிபோல் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, வாசிக்க வரவில்லை. அதனால் படம் வரைவது போல் அப்படியே பார்த்து வரைந்தேன். நாலு வரிதான் முடிந்தது. "என்னாடி மேல இவ்வளவு நேரம், கட்டிடமா கட்டுற?" என்று சித்தி கத்தினாள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். வாசிக்கத் தெரிந்தவர் யாராவது அங்கே இருக்கிறாரா?

இன்னொன்றும் எழுத வேண்டும். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து இரண்டு முறை விளக்கை ஊதிவிட்டேன்.

பிடுங்கிய பற்களை அவர் தகர வாளியில் போடுவார். அதைக் கொட்டுவதும் நான்தான். இதுவரை பார்க்காமலே கொட்டுவேன், குமட்டும். இன்றைக்குப் பார்த்தேன். ஒன்பது பல் இருந்தது. ஆறு பல் கறுத்து, குழி விழுந்து, பார்த்தாலே வலிக்கிற மாதிரி. மூன்று பல்லில் குழியே இல்லை அக்கா. கழுவிப் பார்த்தேன். வெள்ளையாக, முழுசாக இருந்தன.

யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வேன்? அவர் கெட்டவர் போலவும் இல்லை. என்னைப் பார்த்தால் "படிக்கிற புள்ளையா, நல்லாப் படி" என்பார். சித்தப்பா பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிவருவார். பல் டாக்டர் மிட்டாய் வாங்கித் தரலாமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலித்தது.

உன் கையால் தலை வாரி ஒன்றரை வருஷம் ஆனவள்


கந்தப்பளை
1 ஜூலை 1954

நாகு,

நீ வரைந்த தாளை எங்கள் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரய்யாவிடம் கொண்டுபோனேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆபீசுக்குள் போகும் முன் வாசலில் பிடித்துக்கொண்டேன். முதலில், "இது என்ன, மண்புழு ஊர்ந்த மாதிரி?" என்றார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் மீசை சிரித்தது.

அது பட்டமே இல்லை. கொழும்பில் ஒரு பல் டாக்டர் கொடுத்த நற்சாட்சிக் கடிதம். முத்துலிங்கம் தன்னிடம் ஏழு வருஷம் பல் செட் கட்டும் வேலை பார்த்தார், நேரத்துக்கு வருவார், நாணயமானவர், குடிக்கமாட்டார் என்று எழுதியிருக்கிறதாம். அவ்வளவுதான் நாலு வரியும். "செட் கட்டுறதுல கெட்டிக்காரன்தான் போல. ஆனா செட் கட்டுறவன் பல்லு புடுங்கலாமான்னு இதுல இல்லியே" என்றார்.

பதிவு செய்த டாக்டர்மாரின் பெயரை அரசாங்கம் அச்சடித்து வெளியிடும் என்றும் அவர் சொன்னார். பெரிய டிஸ்பென்சரியில் ஒரு பிரதி கிடந்ததாம், எனக்காகப் போய்ப் பார்த்தும் வந்தார். அதில் இவர் பெயர் இல்லை. ஆனால் அது மூன்று வருஷத்துப் பழையது. "பொறவு படிச்சுப் பாஸ் பண்ணிருந்தா?" என்கிறார். வெள்ளைப் பல்லைப் பற்றியும் கேட்டேன். வெளியே வெள்ளையாக இருந்தும் உள்ளே வேர் கெட்டிருக்கலாம் என்றார்.

ஆகக் கடுதாசியைப் பார்த்தும் தெரியவில்லை, ஊர் வாயைக் கேட்டும் தெரியவில்லை.

நீ பயப்படாமல் இரு. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. இப்போது சொன்னால் வேண்டாம் என்பாய்.

அதுவரை யார் சொன்னாலும் அந்த நாற்காலியில் உட்காராதே. காய்ச்சல் என்று சொல், வயிற்று வலி என்று சொல். சின்ன வயதில் உனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுக்காமல் விட்டது என் தப்பு.

பேச்சியம்மா


அட்டன்
3 ஜூலை 1954

அக்கா,

நேரமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். வரும் 11ஆம் திகதி ஞாயிறு முதல் ஆள் நான் என்று சித்தப்பா முடிவு செய்துவிட்டார். மாட்டேன் என்றேன். சித்திக்கு வந்ததே கோபம். "பல்லு புடுங்கப் பயந்தவ நாளைக்குப் புள்ளை எப்படிடீ பெத்துக்குவ? ஊருலேருந்து ஆளுங்க நடந்து வாராங்க, நம்ம வீட்டுப் புள்ளையே பயந்தா மத்தவன் என்னா நெனப்பான்?" என்றாள். அதுதான் விஷயம். நான் பயந்தால் மேல் அறைக்குக் கெட்ட பெயர்.

காய்ச்சல் என்று சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "பொய்க்காரி" என்றாள். நிஜமாகவே எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கே தெரியவில்லை. இங்கே மழை விடவே இல்லை. யாரும் என்னிடம் வலிக்கிறதா என்று கேட்பதில்லை, எப்போது பிடுங்குவது என்றுதான் கேட்கிறார்கள்.

நீ என்ன வழி என்று எழுதவில்லையே. எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்காக மட்டுமில்லை.

நாகு


கந்தப்பளை
5 ஜூலை 1954

நாகு,

இந்தக் கடிதத்தோடு ஒரு தீப்பெட்டி வரும். திறந்து பார்த்துப் பயப்படாதே. அது என்னுடையதுதான்.

நேற்று ராகலைக்குப் போனேன். சந்தைக்குப் போவதாக வீட்டில் சொன்னேன். வரிசையில் எனக்கு முன்னால் எட்டுப் பேர். என் முறை வந்ததும் உட்கார்ந்தேன்.

மேல் வரிசையில் வலது பக்கம், கடைவாய்க்கு முந்தின பல் ஒன்று. ஒரு நாளும் வலித்ததில்லை. கரும்பு கடித்த பல் அது. அதைத் தொட்டுக் காட்டி, "மூணு நாளா தூக்கமில்லீங்க" என்றேன். நிஜ டாக்டர் என்றால் பார்த்ததும் தெரிந்துவிடும், இதில் ஒன்றுமில்லை போ என்பார், இல்லாவிட்டால் வேறு பல்லைத் தேடுவார் என்பதுதான் என் கணக்கு.

சின்னக் கம்பியால் தட்டினார். நான் முகம் சுளிக்கவே இல்லை. வேண்டுமென்றே சும்மா இருந்தேன். அதை அவர் கவனிக்கவில்லை. எனக்கு அவர்மேல் பாவமாகக்கூட இருந்தது, அதனால் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"வேற பல்லா இருக்குமோ, நல்லாப் பாருங்க டாக்டரய்யா."

"நீ காட்டுனது இதுதானே தங்கச்சி?"

"ஆமாங்க."

"அப்ப இதுதான்."

எழுந்து ஓடியிருக்கலாம். ஓடினால் மறுபடி சந்தேகம்தான் மிஞ்சும். கடைசி நிமிஷத்தில் நிறுத்திவிடுவாரோ, நிறுத்தினால் நீ தைரியமாக உட்காரலாமே என்றுகூட நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை. பல்லை வாளியில் போடப் போனார். எனக்கு வேண்டும் என்று கையை நீட்டினேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

கிளாக்கரய்யாவிடம் காட்டினேன். அவர் அதை வேர்வரை திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

இந்தப் பல்லைச் சித்தப்பாவிடம் காட்டு. என் பெயரைச் சொல்லாதே. சொன்னால் நமக்குள் எழுத்து நடக்கிறது என்று அப்பாவுக்குப் போய்விடும், உன் படிப்பும் போய்விடும். யாரோ தெரிந்தவர் கொடுத்தார் என்று சொல். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்.

அத்தான் கேட்டதற்குக் சந்தையிலிருந்து வரும்போது வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன். மடுவத்தில் யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அவரைத் தங்கம் என்று சொன்னவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொன்னால் மறுபடியும் என்னோடு பேசமாட்டார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

பேச்சியம்மா


நோர்வூட்
13 ஜூலை 1954

அன்புள்ள அக்கா,

மேலே ஊரைப் பார்த்ததும் உனக்குப் புரிந்திருக்கும். நான் லயத்துக்கு வந்துவிட்டேன்.

தீப்பெட்டி வியாழக்கிழமை கிடைத்தது. யோகேஸ்வரி பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள். கழிவறைக்குப் போய்த் திறந்தேன். உன் வாயில் இருந்தது என் உள்ளங்கையில் இருந்தது. அன்று ஒரு பாடமும் என் காதில் ஏறவில்லை.

சித்தப்பாவிடம் காட்ட மூன்று நாள் முயன்றேன். வாய் வரவில்லை. ஞாயிறு காலை சித்தி என் கையைப் பிடித்து மேலே இழுத்துப் போனாள். சித்தப்பாவும் வந்தார். படி முழுக்க ஆட்கள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முத்துலிங்கம், "பயப்படாதம்மா, வாயத் தொற" என்றார். நான் வாயைத் திறக்காமல் கையைத் திறந்தேன்.

"இதுக்கு என்ன நோய்ங்க?"

எனக்கே என் குரல் யாருடையதோ போல இருந்தது. அவர் பல்லை எடுத்தார். சட்டைக் கையில் துடைத்து, ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார் அக்கா. ஆசையாகப் பார்த்தார்.

"இதுக்கு ஒரு நோயுமில்லையே. நல்ல பல்லு. இந்த மாதிரி ஒண்ணு செய்யணும்னா எனக்கு ரெண்டு நாள் ஆகும். யாரோடது?"

"போன ஞாயித்துக்கெழம ராகலையில நீங்க புடுங்குனது."

 சித்தி முந்திக்கொண்டாள். "வாளியில பொறுக்கி வச்சுக்கிட்டுக் கதை கட்டுறா பாருங்க! புடுங்கப் பயந்துக்கிட்டு என்னா வேலை பண்றா!" சித்தப்பாவும், "அப்படியாடி?" என்றார். யாரோ கொடுத்தார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். நீ பட்டதெல்லாம் குப்பையில் பொறுக்கினது ஆகிவிடும். அதனால் உன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"பேச்சியம்மா அக்காவோடது. எனக்காகப் போயி நல்ல பல்லக் காட்டுனா. நீங்க புடுங்கிட்டீங்க."

சித்தப்பா கை ஓங்கினார். முத்துலிங்கம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அடிக்காதீங்கண்ணே. வேற பல்லா இருக்குமோன்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு. எனக்கு நெனவிருக்கு" என்றார். பிறகு நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னார். "எனக்கு செட்டுக் கட்டத்தான் தெரியும். சனங்க காட்டுறாங்க, நான் புடுங்குறேன். காட்டுறவங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்க."

படியில் ஒருவர், "அப்ப போன மாசம் எனக்குப் புடுங்குனது?" என்று கேட்டார்.  முத்துலிங்கம் பல்லை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கண்ணாடிக் கடுதாசியை அவரே கழற்றிச் செய்தித்தாளில் சுற்றினார். அவர் பெட்டியோடு இறங்கும்போது ஆட்கள் வழி விட்டார்கள். வைய வந்தவர்கள்கூட வையவில்லை.

சித்தப்பா அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். மறுநாள் அப்பா நனைந்துகொண்டு வந்தார். "உன் மூத்தவ பேச்சைக் கேட்டு என் வீட்டையே சந்தியில நிறுத்திட்டா. கூட்டிட்டுப் போ அண்ணே" என்று சித்தப்பா சொன்னார். அப்பா என்னை அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. என் துணியை ஒரு பையில் கட்டச் சொன்னார். பஸ்ஸில் பள்ளிக்கூடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வியாழக்கிழமை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதாக மட்டும் பக்கத்து வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ராத்திரி சோற்றை என்னால் மெல்ல முடியவில்லை. அப்பா கஞ்சியாகக் கரைத்துக் கொடுத்தார். பிறகு, "எங்க அது?" என்றார். தீப்பெட்டியைக் கொடுத்தேன். அடுப்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். மேல."

தீப்பெட்டியை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. உன் பெயரை அவர் சொல்லவில்லை அக்கா. நானாகக் கூட்டி எழுதக்கூடாது, அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். இன்றைக்கு வேலைக்குப் போகும்போதும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

இப்போது அவர் படுத்துவிட்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து விளக்கை ஏற்றி எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே பேசினார். நான் பேனாவை ஒளித்தேன். யாருக்கு எழுதுகிறாய் என்று அவர் கேட்கவில்லை.

"வலிச்சிருக்குமா அவளுக்கு?" என்றார்.

"தெரியலப்பா" என்றேன்.

வலித்ததா, அக்கா? நீ அதை எழுதவே இல்லை.

நாகு